கிளியம்மாளின் முதல் லோடு

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே, பொறாமை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், காலையில் பால்காரர்கள் கிளம்புகிற நேரத்துக்கு ஏரிக்கரை ரோட்டில் வந்து நின்றால் போதும். தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு பழைய நீல டிராக்டர் ஒன்று வரும். அதை ஓட்டிவருகிற கிளியம்மாள் ரோட்டைப் பார்க்கவே மாட்டாள். பக்கவாட்டுக் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். கண்ணாடியில் தூரத்தே ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்துவிட்டால், அவள் முகத்திலிருந்து கிளம்பும் சூட்டில் முன்னால் போகிற ஷேர் ஆட்டோவின் டயர் இளகிவிடும். பொய் என்று நினைப்பவர்கள் ஷேர் ஆட்டோக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சிவப்புப் புள்ளியின் பெயர் செல்வலட்சுமி. அவளைப் பற்றி அப்புறம் சொல்லலாம். அவளை முதலில் சொன்னால் கிளியம்மாளுக்குப் பிடிக்காது.

கிளியம்மாள் பிறந்தது மணிமங்கலத்துப் பக்கம். ஒரகடத்தை ஒட்டிய ஊரில் நரசிம்மனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நரசிம்மன் வீட்டு நிலமெல்லாம் பிளாட்டாகி, கல் நட்டு, கொடி கட்டி விற்றாயிற்று. டிராக்டரை மட்டும் யாரும் தொடவில்லை. பேரீச்சம்பழத்துக்குக்கூட வேண்டாமென்று பழைய இரும்புக்காரன் கையை விரித்துவிட்டான். நரசிம்மன் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டான். டிராக்டரின் சீட்டில் கோழி முட்டையிட ஆரம்பித்தது.

ஒருநாள் அந்தக் கோழியை விரட்டப் போனவள், ஏறினது ஏறியாயிற்று என்று சாவியைத் திருகினாள். டிராக்டர் கிளம்பிவிட்டது. பிரேக் எது என்று கண்டுபிடிப்பதற்குள் வாலாஜாபாத் வந்துவிட்டதாக அவள் சொல்லுவாள். திரும்பி வருகையில் ரிவர்ஸிலேயே வந்ததாகவும் சொல்லுவாள். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். கழிக்க முடியாதது, அன்றைக்குப் பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை என்பது. ஒரு டேங்கரைப் பின்னால் மாட்டிக்கொண்டு தண்ணீர் லோடு அடிக்க ஆரம்பித்தாள். டிராக்டருக்குக் "கிழவன்" என்று பெயர் வைத்தாள். கட்டின புருஷனைக்கூட அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

அவள் லோடு அடித்தது மெர்சி நடத்துகிற பெண்கள் ஹாஸ்டலுக்கு. திருநெல்வேலி, ராமநாதபுரம், விருதுநகர் என்று தெற்கத்திப் பெண்கள் அங்கே தங்கி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். ஹாஸ்டல் போர் தண்ணீர் ஒரே உப்பு. தலையில் ஊற்றினால் முடி தேங்காய் நார் ஆகிவிடும். நாள் முழுக்கப் பல லோடு தண்ணீர் வந்தாலும், காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் வருகிறதே முதல் லோடு, அதற்குத்தான் மரியாதை. பக்கெட்டும் துண்டுமாகப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். கிழவனின் சத்தம் கேட்டதும் "டிராக்டர் அக்கா வந்துட்டாங்க!" என்று ஒரு கூச்சல் எழும். அந்தக் கூச்சலைக் கேட்கும்போது கிளியம்மாளுக்கு முதுகு தானாக நிமிரும். மகளிர் தினத்துக்கு மெர்சி அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, "இந்தப் பக்கத்துல டிராக்டர் ஓட்டுற ஒரே பெண்மணி" என்று மைக்கில் சொன்னாள். அந்த "ஒரே" என்கிற வார்த்தையைக் கிளியம்மாள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இனிமேல் செல்வலட்சுமியைச் சொல்லியாக வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷன் உச்சிமாகாளிக்கு லாரி கம்பெனியில் வெல்டிங் வேலை. அவளும் ஒரு கம்பெனியில் லைனில் நின்று பார்த்தாள். ஒரே இடத்தில் நிற்பது ஒத்துவரவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அப்பனுடைய காட்டில் உழவு ஓட்டிப் பழகிய கை. லோன் போட்டு ஒரு புது டிராக்டர் எடுத்துவிட்டாள், ரத்தச் சிவப்பில். சுடிதாருக்கு மேலே புருஷனின் பழைய யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் ஓட்டிவந்ததைப் பார்த்த நிமிஷத்தில், "ஒரே" என்கிற வார்த்தை கிளியம்மாளின் தலையணைக்கடியிலிருந்து எழுந்து வெளியே நடந்துபோய்விட்டது. போதாததற்கு ஹாஸ்டலில் ஒரு மாடி புதிதாக ஏற, ஒரு வண்டி போதாமல், இரண்டாவது லோடை மெர்சி அவளுக்குக் கொடுத்தாள்.

புது வண்டி வந்து சேர்ந்தது சரியாக ஆயுத பூஜைக்கு. ஏரிக்கரை அம்மன் கோயில் முன்னால் ஊர் வண்டிகளெல்லாம் வரிசைகட்டி நிற்கும். எப்போதும் முதல் ஆரத்தி கிழவனுக்குத்தான். அந்த வருஷம் பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே சிவப்பு வண்டியிடம் போனார்.

"இன்னா சாமி, வழி மறந்துட்டியா?" என்றாள் கிளியம்மாள்.

"புது வண்டி கிளியம்மா. சீட்டு மேல பிளாஸ்டிக் கவரக்கூட இன்னும் பிரிக்கல, பாரேன், அழகா கீது."

அதோடு விட்டாரா? வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், ரோஜா மாலை என்று அந்த வண்டி கல்யாணப் பெண் மாதிரி நின்றதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கிளியம்மாள் சாமி கும்பிடவில்லை. விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள். ஒரு குண்டானில் மைதாவைக் கொட்டிக் கிளற ஆரம்பித்தாள்.

நரசிம்மன் எட்டிப் பார்த்தான். "இன்னாடி, போஸ்டர் ஒட்டப் போறியா?"

"சும்மா இரு. அவ வூட்டு மாலை நாளைக்கு வாடிடும். என் வண்டிப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் நிக்கணும்."

கொதிக்கிற மைதாப் பசையில் வீட்டிலிருந்த சந்தனப் பொடியெல்லாம் போய் விழுந்தது. டிராக்டருக்குப் பொட்டு வைக்கிற இடம் டீசல் டேங்க் மூடி. ஓட்டுகிறவருக்கு முன்னால், பானெட்டின் நடுவே, வட்டமாக, நெற்றி மாதிரி இருக்கும். வருஷா வருஷம் மூன்று விரலால் இழுத்து நடுவில் குங்குமம் வைப்பாள். அந்த வருஷம் உள்ளங்கையால் அப்பினாள். இட்லி மாதிரி உப்பலாக, ஓரம்வரை வழித்து, மேலே எலுமிச்சம்பழம் அளவுக்குக் குங்குமம். வெயிலில் அது காய்ந்து சிமெண்டாக இறுகிவிட்டது. கொத்திப் பார்த்த காக்காய் ஒன்றுக்கு அலகு வளைந்துபோனதாகவும், அது இன்றைக்கும் வளைந்த அலகோடு வல்லக்கோட்டை பக்கம் திரிவதாகவும் கேள்வி.

பூஜை முடிந்து லோடு ஆரம்பித்ததும் கிழவனுக்குச் சீக்கு வந்தது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பினான். தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை ஏறியதும் ஒரு விக்கல். அப்புறம் இழுவை குறைந்தது. மூக்கடைத்த மனிதன் மாதிரி திணறி, குலுங்கி, நின்றுவிட்டான். கிளியம்மாள் இறங்கினாள். டீசல் வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பில்டர் மேலே இருக்கிற சின்ன போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, பக்கத்தில் இருக்கிற கைப்பம்பை அடித்தாள். டீசலும் நுரையும் கலந்து கொப்பளித்தது. குழாய்க்குள் ஏர் பிடித்திருக்கிறது. அடித்து அடித்து ஏர் எடுத்து, நுரை நின்றதும் போல்ட்டை இறுக்கி, கிளப்பினால் கிளம்பியது. ஆனால் அதற்குள் கம்பெனி பஸ் போய்விட்டது. பாதிப் பெண்கள் குளிக்காமல் ஏறிப் போயிருந்தார்கள்.

அவள் ஏர் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் சிவப்பு வண்டி வந்து நின்றதுதான் தாங்க முடியாதது. செல்வலட்சுமி சீட்டில் இருந்தபடியே கேட்டாள்: "யக்கா, கயிறு கட்டி இழுத்து விடட்டா?"

"என் வண்டிய இழுக்கறதுக்கு நீ இன்னொரு தபா பொறந்து வரணும்."

"சரிக்கா, பொறந்துட்டு வாரேன்," என்று சிரித்தாள் அந்தப் பெண். அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்குக் கிளியம்மாளின் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

மறுநாளும் நின்றது. அடுத்த நாள் சமர்த்தாக ஓடியது. அதற்கடுத்த நாள் மறுபடி ஏரிக்கரையில் படுத்தது. டீசல் பில்டரைப் புதிதாக மாற்றினாள். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். டேங்க்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினாள். ஊதின வேகத்தில் டேங்க்குக்குள் இருந்த டீசல் கரை புரண்டது. வாஷரெல்லாம் மாற்றினாள். வீட்டு வாசலில் வைத்து ஓட்டினால் கிழவன் குழந்தை மாதிரி ஓடினான். ரோட்டுக்குப் போனால், அதுவும் பின்னால் சிவப்பு தெரிந்தால், சண்டிக்குதிரை.

கடைசியில் படப்பை மெக்கானிக் கோதண்டராமனிடம் கொண்டுபோனாள். அவர் பெரிய கெட்டிக்காரர். சத்தத்தை வைத்தே வண்டியின் ஜாதகம் சொல்லுவார். சந்தனத்தைச் சுத்தியலால் தட்டி உடைத்து மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசலைப் பார்த்தார். மூடியைப் பானெட் மேலேயே வைத்துவிட்டு இஞ்சினைக் கிளப்பினார். பம்ப் பார்த்தார், நாசில் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு முடித்து அவர் வந்த பிறகும் கிழவன் ஓடிக்கொண்டே இருந்தான்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. ஓட்டுறவங்களுக்குத்தான் இன்னாவோ கீது," என்றார்.

"வண்டி நிக்கறப்பல்லாம் அவ பின்னாடி நிக்கிறாளே, அதுக்கு இன்னா சொல்ற?"

"அதுக்கு நான் ஸ்பேனர் போட முடியாது."

கிளியம்மாள் யோசித்தாள். எது எப்போது ஆரம்பித்தது? சிவப்பு வண்டி வந்த நாளிலிருந்து. அதற்குமுன் கிழவன் ஒருநாளாவது நின்றானா? நிற்கவில்லை. அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தண்ணீர் பிடிக்கிற போர் கொட்டகையில் ஒருநாள் அவள் மோட்டார்காரனிடம் பேசிவிட்டுத் திரும்பினபோது, செல்வலட்சுமி கிழவனின் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இவள் முறைத்ததும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதற்கு வைத்தாள் கையை? சும்மா ஒருத்தி அடுத்தவள் வண்டியில் கை வைப்பாளா?

"சக்கர!" என்றாள் சத்தமாக.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நரசிம்மன் திடுக்கிட்டான். "ரசத்துலயா?"

"டீசல்ல! வண்டிய நிறுத்தணும்னு டீசல்ல சக்கர போட்டிருக்கா! என் முதல் லோடு அவளுக்கு வேணும். அதான்!"

டீசலில் சர்க்கரை கரையாது, அடியில்தான் கிடக்கும் என்று நரசிம்மன் ஆரம்பித்தான். யார் கேட்கிறார்கள்? அன்றிலிருந்து கிளியம்மாள் டேங்க்குக்கு சீல் வைக்க ஆரம்பித்தாள். தினமும் டீசலை நிரப்பி மூடியை இறுக்கியதும், மைதா சந்தனத்தைப் புதிதாகக் கரைத்து மூடியின் மேலும் ஓரமும் கெட்டியாக அப்பிவிடுவாள். எவள் திறந்தாலும் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். கண் திருஷ்டிக்கும் ஆயிற்று, களவுக்கும் ஆயிற்று என்று அவளுக்குத் தன் மூளையைப் பற்றியே பெருமையாக இருந்தது.

சீல் வைத்ததிலிருந்து வண்டி ஒருநாள் விடாமல் நின்றது.

மெர்சி பொறுமைசாலி. ஆனால் ஹாஸ்டல் பெண்கள் அவள் பொறுமையை மாடிப்படியில் உட்கார்ந்து கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் கிளியம்மாளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்:

"அக்கா, கோச்சிக்காதீங்க. பொண்ணுங்க மூஞ்சி கழுவாம லைன்ல போய் நிக்குதுங்க, சூப்பர்வைசர் கேக்குறாராம். நாளைக்கும் பஸ்ஸுக்கு முன்னாடி தண்ணி வரலன்னா முதல் லோட செல்விக்குக் குடுத்துடுறேன். நீங்க ரெண்டாவது வாங்க, நிதானமா."

கிளியம்மாளுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. செல்வி! செல்வலட்சுமி எப்போது செல்வி ஆனாள்? இவள் இத்தனை வருஷமாக வருகிறாளே, மெர்சி ஒருநாளாவது "கிளி" என்று கூப்பிட்டிருப்பாளா?

மறுநாள் காலை கிழவனின் மூடிக்கு இரட்டைப் பூச்சு விழுந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளியம்மாள் ஏரிக்கரை ஏறினாள். பின்னால் சிவப்பு வண்டி. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பிளாட்டுக்காரர்கள் போட்ட முள்கம்பி. டேங்கரோடு முந்திப் போக வழி கிடையாது. மாரிமுத்துவின் டீக்கடை கண்ணுக்குத் தெரிந்தது. தாண்டிவிட்டால் ஹாஸ்டல் கூப்பிடு தூரம்தான்.

கிழவன் விக்கினான். குலுங்கினான். டீக்கடைக்கு நேர் எதிரே நின்றான்.

ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர்களும் காலை ஷிப்டுக்குக் காத்திருப்பவர்களுமாகக் கடையில் நல்ல கூட்டம். மாரிமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இன்னாக்கா, இன்னிக்கும் படுத்துக்கிச்சா?"

"படுக்கல. படுக்க வெச்சிட்டாங்க." கிளியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "எல்லாரும் எழுந்து வாங்க. இன்னிக்கு கையும் களவுமா புடிச்சித் தரேன்."

"யார?"

"தோ நிக்கிறாளே சிவப்பு வண்டிக்காரி. என் டீசல்ல சக்கர போட்டுட்டா."

செல்வலட்சுமி இறங்கி வந்தாள். "என்னக்கா சொல்லுதீங்க? நான் எதுக்கு ஒங்க வண்டில சீனியப் போடப் போறேன்? எங்க வீட்டுல காப்பிக்கே கருப்பட்டிதான்."

"அப்ப கருப்பட்டியப் போட்டிருப்ப!"

மாரிமுத்து கிழவனின் மேல் எக்கி மூடியைப் பார்த்தான். சுற்றி ஒருதரம் விரலால் தடவினான். "யக்கா, சீலு ஒடையவே இல்லியே. யாரும் தொறந்த மாதிரி தெரியலியே."

கிளியம்மாள் தானும் எக்கிப் பார்த்தாள். பிறகு விடாமல் சொன்னாள்: "அதான்டா அவ கெட்டிக்காரத்தனம்! ஒடைக்காமயே போட்டுக்கீறா!"

சொன்னது தப்பாகப் போயிற்று. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கிளியம்மாள் எதிர்பார்த்த மாதிரியான முணுமுணுப்பு இல்லை அது.

"ஒடைக்காமயேவா? யப்பா, இன்னா மூளைடா!"

"ஊசில ஏத்தியிருப்பா. டாக்டர் மாதிரி."

"கோதண்டராமனே கண்டுபுடிக்க முடியலியாமே?"

"அவுரு எங்க? இது வேற லெவல்."

ஒருவன் எழுந்து செல்வலட்சுமி உட்கார ஸ்டூலை நகர்த்திப் போட்டான். கிளியம்மாள் அந்த ஸ்டூலைப் பார்த்தாள். இந்தக் கடையில் இத்தனை காலமாக நின்றுகொண்டே டீ குடிக்கிறவள் அவள்.

"தொறந்து காட்டுறேன். டீசல பாட்டில்ல புடிச்சி காட்டுறேன். அப்ப தெரியும்," என்று ஸ்பேனரால் சந்தனத்தைத் தட்டினாள். ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. மூடியைத் திருகினாள். திருகியது, ஆனால் மேலே வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பலமாகத் தூக்கினாள்.

புஸ்ஸ்ஸ் என்று டேங்க் ஒரு பெருமூச்சு இழுத்தது. வெளியே விடவில்லை, உள்ளே இழுத்தது. அவள் முந்தானை நுனிகூட அந்த இழுப்பில் மூடிப்பக்கம் சாய்ந்தது.



மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் கடுகு அளவுக்கு ஒரு துளை. டீசல் கீழே இறங்க இறங்க, காலியாகிற இடத்துக்கு மேலே இருந்து காற்று போக வேண்டும். அதற்காக வைத்த துளை. பாட்டிலில் வாயை இறுக்கி வைத்து உறிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் பாட்டில் ஒடுங்கி, தண்ணீர் வராமல் நிற்குமே, அதே கதை. துளை முழுக்க மைதாவும் சந்தனமும். வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் டேங்க்கைப் பார்க்க மூடியைத் திறந்தாள். கோதண்டராமன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டே ஓட்டினார். அங்கெல்லாம் ஓடாமல் என்ன செய்யும்? மூடி சரியாக இறுகாத அன்றைக்கு மட்டும் பிழைத்தான். மற்ற நாளெல்லாம் ரோட்டில் வந்துதான் கிழவன் மூச்சடைத்துச் செத்தான். அடைத்தவள் யார்?

தலையைத் தூக்கினாள். செல்வலட்சுமியும் அந்தத் துளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கேட்டியா சத்தம்? சக்கர கேஸு!" என்றான் ஒருவன்.

"பொங்கிக்கினு வருது பாரு."

"தெற்கத்திப் பொண்ணு சும்மாவா? ஒரு கைப்புடி சக்கர, இம்மாம்பெரிய வண்டி க்ளோஸ். இனிமே இந்த ரோட்ல இவதான்."

கிளியம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி அந்தப் பெண் மேல் விழும். மெர்சி காதுக்கு எட்டும். சர்க்கரை போடுகிறவளுக்கு யார் முதல் லோடு கொடுப்பார்கள்? எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கூட்டம் செல்வலட்சுமியைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! திருடியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கிழவனை நிறுத்தியவள், கோதண்டராமனுக்கே தண்ணி காட்டியவள், சீல் உடைக்காமல் சீல் உடைத்தவள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒரகடம் முழுக்க அவள் பேச்சாகத்தான் இருக்கும். மாரிமுத்து அவளுக்கு இஞ்சி தட்டிப்போட்டு டீயே கொண்டுவந்துவிட்டான்.

அந்த டீயைப் பார்த்ததும் கிளியம்மாளுக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டது.

"போதும், நிறுத்துங்கடா!" என்று கத்தினாள். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "சக்கரயாவது ஊசியாவது! என் வண்டிய நிறுத்தற அளவுக்கு இவளுக்கு இன்னா தெரியும்? நேத்து வந்தவ! நிறுத்தினது நான்! நான் பூசின சந்தனம், நான் கிளறின மைதா! தோ பாரு ஓட்ட, அடைச்சிகினு கீது. மூச்சு வுட வழியில்லாம நானே அடைச்சி நானே நிறுத்தினேன். ஒண்டி ஆளா!"

கூட்டம் வாயைப் பிளந்தது. மாரிமுத்து மெதுவாகக் கேட்டான்: "அப்ப சக்கர?"

"சக்கரயும் இல்ல, உப்பும் இல்ல. அந்த டீய இப்டி குடு."

டீயைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தாள். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து மூடித் துளையில் விட்டுக் குடைந்தாள். மஞ்சள் பொடி உதிர்ந்தது. மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மூடினாள். பில்டர் போல்ட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தாள். நுரை சீக்கிரமே நின்றது.

செல்வலட்சுமி பக்கத்தில் வந்து, கூட்டத்துக்குக் கேட்காமல் சொன்னாள்: "எனக்கு அப்பவே சந்தேகந்தாங்க்கா. அன்னைக்கு போர் கொட்டகைல அந்த ஓட்டை இருக்க எடத்தத்தான் தொட்டுப் பாத்தேன்."

கிளியம்மாள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சிகினே சும்மா இருந்தியாடி?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். நீங்க மொறச்சீங்க." அந்தப் பெண் மறைக்காமல் சொல்லிவிட்டாள்: "பொறவு, எனக்கும் முதல் லோடு வேணும்லாக்கா. அந்தப் பிள்ளைக ஒங்களைப் பாத்ததும் ஒரு சத்தம் போடுதுகளே, என்னைப் பாத்து ஒருநாள்கூட போட்டதில்ல."

பூஜை நாளிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த கிளியம்மாளின் வயிற்றில் யாரோ ஒரு லோடு குளிர்ந்த தண்ணீரை இறக்கின மாதிரி இருந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாதென்று ஸ்பேனரை வைத்துக் காதைச் சொறிந்தாள். "போடாதுங்க. அதுக்கெல்லாம் குடுப்பினை வேணும். ஏறுடி வண்டில," என்றாள்.

கிழவன் முதல் திருகிலேயே கிளம்பினான். இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஹாஸ்டலுக்குள் நுழைந்தபோது கம்பெனி பஸ் தெருமுனையில்தான் திரும்பிக்கொண்டிருந்தது. கூச்சல் எழுந்தது. பக்கெட்டுகள் உருண்டன. டீக்கடையிலிருந்து யாரோ போன் போட்டிருக்க வேண்டும்; மெர்சி எல்லாம் தெரிந்த முகத்தோடு வாசலில் நின்றாள்.

"நின்னுச்சாக்கா?"

"நின்னுச்சி. இனிமே நிக்காது. பஸ்ஸுக்கு முன்னாடி வந்துட்டேன், பாத்துக்க."

மெர்சி பஸ்ஸைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "சரி, முதல் லோடு ஒங்களுதுதான். அந்த மைதாவ மட்டும் தோசைக்கு வெச்சிக்கோங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

கிளியம்மாள் குழாயைத் தொட்டியில் விட்டு வால்வைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். சிவப்பு வண்டியைச் சுற்றிப் பெண்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வலட்சுமி பானெட்டில் சாய்ந்துகொண்டு கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பொறவு இந்த மூடியத் தொறந்தாங்க பாத்தியா, புஸ்ஸுன்னு ஒரு சத்தம்…"

பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தி பாதிக் குளியலில் ஓடி வந்து நின்றாள். கிளியம்மாளுக்கு மறுபடி காது சுட்டது. அவமானம் தன்னுடையது, சந்தனம் தன்னுடையது, டிராக்டர் தன்னுடையது. கதையை மட்டும் இன்னொருத்தி சொல்லி இத்தனை சிரிப்பை வாங்குவதா? அதுவும் எவ்வளவு மட்டமாகச் சொல்கிறாள்! வெறும் "புஸ்"ஸாமே!

வால்வை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

"தள்ளுடி. ஒனக்கு சொல்லத் தெரியல. நான் சொல்றேன் கேளுங்கடி. மூடியத் தொறந்தேனா? அந்த டேங்க்கு இழுத்துச்சி பாரு ஒரு இழுப்பு, மாரிமுத்து கடை கண்ணாடி ஜாடில இருந்த பன்னெல்லாம் பறந்து வந்து உள்ள போயிடுச்சி. ஒருத்தன் லுங்கிய ரெண்டு கையால புடிச்சிகினு வேலிய கட்டிகினு நிக்கிறான். ஏரித் தண்ணி இந்தாண்ட சாஞ்சிடுச்சி…"

"யக்கா, லுங்கிய நான் பாக்கலியே!" என்றாள் செல்வலட்சுமி.

"நீ எங்க பாத்த? வாயைப் பொத்திகினு நின்ன. பேசாம கேளு."

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருத்தியும் நகரவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து திட்டலாமென்று கதவைத் திறந்த டிரைவர், ஒரு காலைப் படியில் வைத்தபடி, "அப்புறம் இன்னாச்சி?" என்றார்.